பாட்டனுக்குச் சான்று கேட்டவர்கள்

டிக்கோயாப் பகுதியிலே, இன்று காசல்ரீ நீர்த்தேக்கம் பரந்து கிடக்கும் பள்ளத்தாக்கை நோக்கியவாறு, வார்லி தேவாலயம் நிற்கிறது. 1878ஆம் ஆண்டு தோட்டத்துரைமார் தமக்கெனக் கட்டிக்கொண்ட சிறு கோயில் அது. அதன் முற்றத்தில் அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. பெயர், வயது, இறந்த நாள் யாவும் கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளன. இதுபோல் இலங்கையெங்கும் சிதறிக் கிடந்த ஐரோப்பியர் கல்லறை வாசகங்களைத் தேடித் திரட்டி, ஜே. பி. லூயிஸ் என்னும் சிவில் சேவை அதிகாரி 1913இல் ஒரு பெரும் நூலாகவே வெளியிட்டார். எந்தத் தோட்டத்தில் எந்தத் துரை இருந்தார் என்பதைச் சொல்ல பெர்குசன் கம்பெனியாரின் விவரத்திரட்டு இருந்தது. எந்தப் படையில் அவர் துப்பாக்கி ஏந்தினார் என்பதைச் சொல்ல இலண்டனிலே பதக்கப் பதிவேடுகள் இருக்கின்றன. ஆகவே இன்று ஸ்கொத்லாந்திலே இருக்கும் ஒரு பேரன், தன் பாட்டனுடைய வாழ்க்கையையும் படைச் சேவையையும் தேடப் புகுந்தால், சில நாட்களில் ஒரு குடும்ப வரலாற்றையே எழுதி முடித்துவிடலாம்.

அதே மலைக்கு இன்னொரு பேத்தி வருகிறாள். அவளுடைய பாட்டி அந்தத் துரையின் மலையிலே நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவள். பாட்டியின் பாட்டன் காடு வெட்டி அந்த மலையைத் தோட்டமாக்கியவன். அவர்கள் எங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள் என்று கேட்டால், லயத்து முதியோர் ஒரு சரிவைக் கைகாட்டுவார்கள். அங்கே கல்லில்லை. தேயிலைச் செடிகள் இருக்கின்றன.

இந்த வேறுபாட்டைக் காலத்தின் கோலம் என்று பெருமூச்சு விட்டுக் கடந்துவிட நாம் விரும்பவில்லை. ஏடும் கல்லும் இல்லாமற் போன அந்தப் பேத்தியிடம்தான், "உன் பாட்டன் யார்? அவன் எங்கே பிறந்தான்? சான்று கொண்டு வா!" என்று ஒரு நாட்டின் சட்டம் கேட்டது. ஏடும் கல்லும் உள்ளவனை அது கேட்கவேயில்லை. இந்த அநீதியின் வேரைத் தொட்டுப் பார்ப்பதே நமது நோக்கம்.

முதலில் துரைமாரின் படையைப் பார்ப்போம். 1900ஆம் ஆண்டிலே இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை என்ற பெயரில் ஒரு தொண்டர் படை அமைக்கப்பட்டது. கண்டி அதன் தலைமையிடம். ஐரோப்பியத் துரைமாருக்கு மட்டுமே அதில் இடமுண்டு. 1914இல் முதலாம் உலகப் போர் மூண்டதும் அப்படையினர் இருநூற்றுக்கு மேற்பட்டோர் எகிப்துக்குக் கப்பலேறினர். 1915இல் கலிப்பொலிக் கரையிலே, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளின் தளபதி பேர்ட்வுட்டுக்கு மெய்காவலாக அவர்களில் ஒரு பகுதியினர் நின்றனர். இவர்கள் எல்லோரும் "இலங்கைப் படையினர்" என்றே உலகுக்கு அறிமுகமாயினர். தொப்பியிலே இலங்கையின் பெயர். அவர்களிலே யாருடைய தந்தையாவது இலங்கையிற் பிறந்தவரா என்று எவரும் கேட்டதில்லை. ஈராண்டு தோட்டத்தில் இருந்துவிட்டுத் துப்பாக்கி ஏந்தியவர் இலங்கை வீரர். மூன்று தலைமுறையாக மண்வெட்டி ஏந்தியவர் இந்தியக் கூலி!

துரைமார் போருக்குப் போனபோது தோட்டங்கள் மூடப்பட்டனவா? இல்லை. அதிகாலையிலே தப்பு முழங்கியது, பிரட்டுக்கு ஆட்கள் கூடினர், கொழுந்து கூடைக்கு வந்தது, தேயிலை கப்பலேறியது. இரண்டாம் உலகப் போரிலே, 1942இல் மலாயா ஜப்பானியர் கைக்கு வீழ்ந்த பின்னர், நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் தந்த நாடுகளில் இலங்கை தலையாயதாயிற்று. அந்த இறப்பர்ப் பாலை எடுத்தவர்களில் பெருந்தொகையினர் யார்? அவர்களுடைய உழைப்பு போர்ச் சேவையாக எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. செக்ரோலிலே ஒரு நாட்பேராக மட்டுமே விழுந்தது.

முன்னோரின் படைச் சேவையைத் தேடுவதை ஒரு தேசிய வழக்கமாகவே கொண்ட நாடு ஒன்றுண்டு. அது அமெரிக்கா. அங்கு நடந்ததை நாம் அறிந்துகொள்வது நல்லது. தேயிலைக்கு விதித்த வரியை எதிர்த்து, 1773 டிசம்பரிலே பொஸ்டன் துறைமுகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைப் பெட்டிகளைக் கடலிலே கொட்டினார்களே, அந்த மக்களின் புரட்சிப் போர் 1775இலே தொடங்கியது. முதற் குண்டுகளைச் சுட்டவர்கள் கூலிப் பட்டாளத்தார் அல்லர். ஏரைவிட்டு வந்த உழவர்கள், பட்டறையைவிட்டு வந்த கொல்லர்கள். ஊர்க்காவற் படையினர் என்று அவர்களுக்குப் பெயர். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று போருக்குப் போவார்கள். அறுவடைக்கு வீடு திரும்புவார்கள். இத்தகையோருக்கு ஒழுங்கான ஏடுகள் எங்கிருந்து வரும்? இருந்த ஏடுகளிலும் பெரும்பகுதி, 1800 நவம்பரிலே போர்த்துறை அலுவலகத்தில் பற்றிய தீயிலே சாம்பலாயிற்று.

1832ஆம் ஆண்டு அந்நாட்டுச் சட்டமன்றம், ஆறு மாதமேனும் போரிற் சேவை செய்தவர்களுக்கு ஓய்வூதியம் வழங்கச் சட்டம் இயற்றியது. ஊர்க்காவற் படையினரும் அதில் அடங்குவர். போர் முடிந்து ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. கிழவர்களிடம் சான்று எங்கே? அப்போது அந்தச் சட்டம் என்ன செய்தது? "ஏடில்லாதவன் பொய்யன்" என்றதா? இல்லை. கிழவர்கள் நீதிமன்றத்தின் முன் வந்து நின்றனர். எந்த ஆண்டு போனோம், எந்தத் தலைவனின் கீழ் நின்றோம், எந்த ஆற்றைக் கடந்தோம் என்று நினைவிலிருந்து சொன்னார்கள். எழுத்தர் எழுதிக்கொண்டார். ஊர்ப் பாதிரியாரும் அயலவரும், "இவர் போரில் நின்றவர் என்பதை ஊர் நம்புகிறது" என்று சாட்சி சொன்னார்கள். எழுத்தறியாதவர்கள் கீறலிட்டுக் கையொப்பமிட்டனர். இன்று அமெரிக்கர் தம் மூதாதையைத் தேடும்போது முதலிலே புரட்டுவது அந்த வாய்மொழி வாக்குமூலங்களைத்தான். ஏழையின் நினைவே அந்நாட்டின் ஆவணமாயிற்று.

அந்நாட்டை நாம் போற்றிப் பாடவில்லை. அதே புரட்சிப் போரிலே ஏறத்தாழ ஐயாயிரம் கறுப்பினத்தவர் குடியரசின் பக்கம் நின்று போரிட்டனர் என்பர். ஆயினும் புரட்சி வீரர்களின் வழித்தோன்றல்கள் என்ற பெருமையுடன் 1890இல் தோன்றிய அமெரிக்கப் புரட்சிப் புதல்வியர் சங்கம், 1939இலே மரியன் அண்டர்சன் என்னும் கறுப்பினப் பாடகிக்குத் தன் மண்டபத்தைத் தர மறுத்தது. கறுப்பினப் பெண்ணொருவரை உறுப்பினராக அச்சங்கம் ஏற்றது 1977இலேதான் பேசப்பட்டது. பாட்டனைத் தேடும் ஆசை இரு வழியிற் செல்லக்கூடியது என்பதற்கு இது சான்று. உரிமை கேட்பவனுக்கு அது படிக்கட்டாகலாம். உரிமை மறுப்பவனுக்கு அது மதிலாகலாம்.

இலங்கையில் எழுப்பப்பட்டது மதில். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இலங்கையிற் பிறந்தவன் பரம்பரைப் பிரஜையாவதற்கு அவன் தந்தை இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். வெளியே பிறந்தவனாயின், தந்தையும் பாட்டனும், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்களாக இருத்தல் வேண்டும். கொழுந்து பறித்து இந்நாட்டின் கருவூலத்தை நிரப்பிய தாய் முறைப்படி மணந்தவளாயின், அவளுடைய பிறப்புக்கு இக்கணக்கிலே இடமேயில்லை.

இந்தச் சட்டம் எவருக்கும் பெயர் சொல்லவில்லை. எல்லோருக்கும் பொது என்றார்கள். இதிலேதான் சூது இருக்கிறது. கண்டிக் கிராமத்துச் சிங்கள உழவனுக்கும், வன்னித் தமிழ் உழவனுக்கும் பாட்டனுடைய பிறப்பத்தாட்சிப் பத்திரம் கையில் இருந்ததா? இல்லை. ஆனால் அவர்களை யாரும் கேட்கவில்லை. லயத்திலே பிறந்தவனை மட்டும் கேட்டார்கள். அவனுடைய பாட்டன் மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்தபோது, கங்காணியின் கணக்கிலே ஒரு தலையாக வந்தான். பின்னர் வந்தவன் மண்டபம் முகாமைக் கடந்து, தோட்ட இலக்கம் பொறித்த தகரத் துண்டைக் கழுத்திற் கட்டிக்கொண்டு வந்தான். தோட்டம் மாற வேண்டுமானால் கடன் தீர்ந்தது என்று துரை தரும் துண்டு வேண்டும். அந்தத் துண்டு முறை 1921இலேதான் ஒழிந்தது. ஆக, நம்முடைய பாட்டன்மாரைப் பற்றி ஏடே இல்லை என்பது முழு உண்மையன்று. ஏடு இருந்தது. கடனுக்கு ஏடு இருந்தது. நாட்பேருக்கு ஏடு இருந்தது. அரிசிக்கு ஏடு இருந்தது. மனிதனுக்குத்தான் ஏடில்லை. இருந்த ஏடும் துரையின் அலுவலகத்துப் பெட்டியிலே இருந்தது.

அடுத்து வந்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். 1946 ஜனவரி முதலாம் நாளுக்கு முன், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது வாழ்ந்ததை நிறுவ வேண்டும். ஊருக்குப் போனவன் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்துவிடும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண்ணும், 1942 ஏப்ரலிலே ஜப்பானியர் குண்டு வீசியபோது குழந்தைகளை ஊருக்கு அனுப்பிய தகப்பனும் இந்தக் கணக்கிலே அகப்பட்டார்கள். இடையே அவ்வாண்டின் 48ஆம் இலக்கத் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் பறித்தது. 1947இலே ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952இலே ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பிரஜாவுரிமை கேட்டு நின்றனர். ஏறத்தாழ 1,34,000 பேருக்கே அது கிடைத்தது.

நீதிமன்றம் போகவில்லையா? போனோம். கோடக்கன் பிள்ளை வழக்கு இலண்டன் பிரிவுக் கவுன்சில்வரை சென்றது. தன் பிரஜைகள் யார் என்பதை வகுத்துக்கொள்வது ஒரு சட்டமன்றத்துக்கு இயல்பான உரிமை என்றும், இச்சட்டங்கள் குறிப்பிட்ட ஓர் இனத்துக்கு எதிராக விதிக்கப்பட்டவையல்ல என்றும் 1953இலே தீர்ப்பாயிற்று. எந்த மன்னனுக்காக இம்மலையின் துரைமார் கலிப்பொலிக்குப் போனார்களோ, அந்த முடியின் நீதிமன்றம் இம்மலையின் தொழிலாளருக்குச் சொன்ன பதில் அதுதான்.

குற்றத்தையெல்லாம் பிறர்மேற் சுமத்திவிட்டு நாம் தப்பிக்கொள்ளல் தகாது. இலங்கை இந்தியர் காங்கிரஸ் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தை முதலிலே புறக்கணிக்கச் சொன்னது. கெடு நெருங்கிய பின்னரே விண்ணப்பிக்கச் சொன்னது. சான்று திரட்ட வேண்டிய காலம் அதனால் குறுகிற்று. தமிழரின் தலைவர் என்றிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் அமைச்சரவையில் அமர்ந்துகொண்டு அச்சட்டத்துக்கு ஆதரவளித்தார். இடதுசாரிகளின் கணக்கும் தீர்க்கப்பட வேண்டியதே. 1948இலே பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து முழங்கிய லங்கா சமசமாஜக் கட்சி, 1964 ஜூனிலே கூட்டரசாங்கத்தில் அமர்ந்தது. அதே அரசாங்கம்தான் அவ்வாண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்திலே கையொப்பமிட்டது. 9,75,000 மனிதரிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கிட்டார்கள். அம்மக்களை ஒருவரும் கேட்கவில்லை. உழைப்பாளர் ஒற்றுமையை நாவினிக்கப் பேசிய நாம், அந்தப் பங்கீட்டின்போது நமது நாவு எங்கே போயிற்று என்பதையும் பேச வேண்டும்.

கடல் கடந்து சென்றவர்களுக்கு நேர்ந்தது என்ன? நீலகிரியிலே தமிழக அரசு 1968இலே தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிலே பல குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. இலங்கையிலே "இந்தியக்காரர்" எனப்பட்டவர்கள், அங்கே "சிலோன்காரர்" ஆயினர். பாட்டன் பிறந்த ஊருக்கே போனாலும், பாட்டனின் பெயர் வாயில் திறக்கவில்லை. பிறப்பினால் உரிமை வரும் என்ற வாதம் எத்துணைப் பொய் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இங்கே நம் தோழர்கள் சிலர் ஒரு கேள்வி எழுப்பக்கூடும். "வமிசாவளி தேடுவது நிலப்பிரபுக்களின் வேலையன்றோ? வர்க்கத்தைப் பேச வேண்டியவர்கள் பாட்டனைப் பேசலாமா?" என்பர். நியாயமான கேள்வியே. வமிசப் பெருமை பேசுவோரை நாமும் வெறுக்கிறோம். மலையகத்திலேயே அது உண்டு. கோயிற் கல்லிலே பெயர் பொறித்துக்கொண்டவர் பெரிய கங்காணி. அந்தக் கோயிலுக்குக் கல் சுமந்தவருடைய பெயர் கல்லில் இல்லை. "உங்களுக்கு இந்தியாவில் எந்த ஊர்?" என்று அன்போடு கேட்பவர் பலர், ஊரைக் கேட்கவில்லை, சாதியைக் கேட்கிறார்கள். இத்தகைய தேடலை நாம் வேண்டவில்லை. நாம் வேண்டுவது உழைப்பின் வரலாற்றை. இன்ன மலையை வெட்டியவர் யார், இன்ன பாதையைப் போட்டவர் யார், இன்ன வேலைநிறுத்தத்தில் நின்றவர் யார் என்பதை. வர்க்கம் என்பது காற்றிலே மிதக்கும் சொல்லன்று. பெயருள்ள மனிதர்களால் ஆனது அது. அவர்களுடைய பெயர்களை அழிய விட்டுவிட்டு வர்க்க வரலாறு எழுதப் புகுவது, செக்ரோலைத் துரையின் கண்ணாலே வாசிப்பதாகும்.

படைச் சேவையா கேட்கிறீர்கள்? நமக்கும் படை இருந்தது. துப்பாக்கியும் தொப்பியும் இல்லாத படை. 1940 ஜனவரியிலே முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்திலே பொலிசார் சுட்டதில் கோவிந்தன் வீழ்ந்தார். 1977 மே மாதத்திலே, நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர்த் தோட்ட நிலத்தைப் பறிக்க வந்தபோது, டெவன் தோட்டத்திலே எதிர்த்து நின்ற தொழிலாளரிடையே சிவனு லட்சுமணன் குண்டடிபட்டு மடிந்தார். கோவிந்தன் கூலிக்காக நின்றார். லட்சுமணன் நிலத்துக்காக நின்றார். எந்த மன்னனின் கட்டளைக்கும் அவர்கள் போகவில்லை. தம்மோடு வேலை செய்தோருக்காகப் போனார்கள். பொஸ்டனுக்கு அருகே ஏரைவிட்டு வந்து நின்ற உழவனுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு எங்கே? அவனுக்கு ஓய்வூதியமும் நினைவுக் கல்லும் கிடைத்தன. இவர்களுடைய பெயர்களைக் காத்துவருவது தோட்டத்து மக்களின் நினைவுதான்.

காலம் மாறவில்லையா என்பீர்கள். மாறியிருக்கிறது, போராட்டத்தால் மாறியிருக்கிறது. 1988ஆம் ஆண்டின் சட்டமும் 2003ஆம் ஆண்டின் சட்டமும் நாடற்றோர் என்ற பழியை நீக்கின. வாக்குரிமை மீண்டது. 2023இலே மலையகத்தின் இருநூறாம் ஆண்டை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தார்கள். ஏடில்லாத பாட்டன்மார் நடந்த வழியைப் பேரர்கள் தம் கால்களாலே எழுதிக் காட்டினார்கள். ஆயினும் கேள்வி சாகவில்லை. உடை மாற்றிக்கொண்டு நிற்கிறது. இன்றும் எத்தனையோ லயங்களுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய்த்தான் வீட்டுக்கு வருகிறது. இருநூறாண்டு பண்படுத்திய மண்ணிலே ஏழு பேர்ச் நிலத்துக்கு உறுதி கேட்டால், "உமக்கு என்ன உரித்து?" என்ற பழைய குரலே பதிலாக வருகிறது. அன்று பாட்டனுக்குச் சான்று கேட்டவர்கள், இன்று பாட்டன் வெட்டிய நிலத்துக்குச் சான்று கேட்கிறார்கள்.

இதற்கு நாம் செய்ய வேண்டியது யாது? ஆசிரியர்களே, மாணவர்களே, இது உங்கள் கையில் இருக்கிறது. தோட்டப் பாடசாலைகளின் பழைய சேர்வு இடாப்புகள் கறையானுக்கு இரையாகுமுன் அவற்றைப் பாருங்கள். அங்கே தந்தையின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருக்கும். தொழிற்சங்கச் சந்தா அட்டை, கோயில் திருவிழாக் கணக்கு, கலியாணப் பத்திரிகை, பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதி, கப்பலேறியவர்களுக்கு வந்த கடிதம், எதுவும் குப்பையன்று. எண்பது வயதுப் பாட்டி ஒருத்தி வாழ்ந்துகொண்டிருக்கும்போதே அவளருகே அமர்ந்து, எந்தத் தொங்கலிற் பிறந்தாள், எந்தக் கங்காணியின் பேரிலே நின்றாள், தாயின் பெயர் என்ன, தாயின் தாய் பெயர் என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். தாய்வழியை மறவாதீர்கள், சட்டம் விட்டுவிட்ட வழி அது. எழுதியதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டி, இரு அயலவரின் சாட்சியும் பெற்று, நாளிட்டு வையுங்கள். அமெரிக்கக் கிழவனின் நினைவு ஒரு நீதிமன்றத்துக்குச் சான்றாகுமாயின், அட்டன் லயத்துக் கிழவியின் நினைவு ஏன் ஆகாது?

அதோடு நின்றுவிடவும் கூடாது. நிலமும் முகவரியும் வழங்கும்போது, இம்மண்ணில் ஒருவன் உழைத்தான் என்பதற்குத் தொழிலாளரின் வாய்மொழியையும் சான்றாக ஏற்க வேண்டும் என்று அரசிடம் கோருவோம். துரைமாரின் பதிவேடுகளில் எஞ்சியவை கம்பெனிகளின் சொத்தல்ல, மக்களின் சொத்து. அவை பொது ஆவணக் காப்பகத்துக்கு வரவேண்டும் என்று கோருவோம். பாட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்கும் சட்டத்துக்கு, அவன் எங்கே உழைத்தான் என்று நாம் காட்டுவோம். வார்லி தேவாலயத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு மலையும் அதற்குச் சாட்சி சொல்லும்.